மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது சந்தை

சென்னைப் புறநகரான சிட்லபாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்பவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திருநெல்வேலியில் ஒருவர் பின்தொடர்வதால் ஒரு கிலோ மாவுகூடக் கூடுதலாக விற்காது. கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் புறநகர்ச் சிறு வியாபாரிகளுக்குச் சமூக ஊடக விளம்பரம் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பகுதி இந்த எளிய உண்மைக்கு நேர் எதிராக இருக்கிறது. தினமும் ஒரு ரீல் போடுங்கள், ஓடுகிற பாட்டைப் பின்னணியில் வையுங்கள், ஃபாலோயர் ஏறினால் வியாபாரம் தானாக வரும் என்கிறார்கள். அதை நம்பிக் கல்லாவில் இருப்பவர் கேமரா முன்னால் தயங்கித் தயங்கி ஆடுகிறார். கீழே இருபது ஹேஷ்டேக் வரிசை கட்டுகிறது. கடை எந்தத் தெருவில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், மாவு கிலோ என்ன விலை என்பதை மட்டும் காணோம். சமூக ஊடகத்தால் ஒரு சிறு கடைக்குப் பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. பலன் பெரியது; அது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதில் இல்லை என்பதுதான் வாதம். நடந்தோ ஸ்கூட்டரிலோ வந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பவர், தேவைப்படும் நேரத்தில் தேடினால் கடை அகப்பட வேண்டும். பார்த்தால் நம்பிக்கை வர வேண்டும். கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் உதவாத வேலைக்கு வியாபாரி தன் பணத்தையும் நேரத்தையும் கொடுக்கத் தேவையில்லை.

இடத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. அரசாணையில் ஒரே ஊர். வாங்குகிறவர் காலில் அப்படியில்லை. ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும் இந்த ஊரை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சிட்லபாக்கத்துத் தையல் கடைக்கு ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருவார்கள். நாகல்கேணியிலிருந்தோ பம்மலிலிருந்தோ மாலை நெரிசலில் சாலையையும் தண்டவாளத்தையும் தாண்டி வருவார்களா என்பது சந்தேகம். ஃபேஸ்புக் விளம்பரத்தில் வரைபடத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துச் சுற்றிலும் வட்டம் போடும் வசதி இருக்கிறது. அந்த வட்டத்துக்குத் தண்டவாளம் தெரியாது. ஐந்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் வியாபாரியின் பணத்தில் ஒரு நல்ல பங்கு, வரவே போகாதவர்களின் கைபேசிகளில் கரைகிறது. இன்னொரு பக்கம், குரோம்பேட்டையில் சரவணா ஸ்டோர்ஸ், போத்தீஸ் போன்ற பல மாடிக் கடைகள் நிற்கின்றன. தொலைக்காட்சியிலிருந்து செய்தித்தாளின் முதல் பக்கம் வரை வாங்கும் வசதி உள்ளவர்கள் அவர்கள். சத்தத்தில் அவர்களோடு மோதிச் சிறு துணிக்கடை ஜெயிக்க முடியாது. அதனிடம் இருக்கும் ஒரே அனுகூலம், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் முகம் தெரிந்தவர் நடத்துவதும்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் ரீல் போடும்போது அந்த அனுகூலத்தைத்தான் அது கைவிடுகிறது.

பிறகு ஏன் எல்லோரும் ரீச், ரீச் என்கிறார்கள்? அதை விற்பவர்கள் இருப்பதால். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2024-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. ஃபேஸ்புக் முதலில் கடைகளை இலவசமாகப் பக்கம் தொடங்கச் சொல்லி அழைத்தது. கூட்டம் சேர்ந்தபின், 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. வணிகப் பக்கங்களின் பதிவுகள் சொந்தப் பின்தொடர்வோருக்கே போய்ச் சேருவது குறைந்தது. வாடிக்கையாளரைத் தானே கூட்டிக்கொண்டுபோய் விட்ட கடைக்காரர், அவர்களோடு பேசக் காசு கட்டி 'பூஸ்ட்' செய்ய வேண்டிய நிலை வந்தது. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பதிவு பெறாத சிறு கடைக்கு அதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. காட்டப்படும் எண்களாவது சரியா என்றால், அங்கும் எடை போடுகிறவரேதான் தராசுக்கும் சொந்தக்காரர். மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல், காணொளியைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாக உயர்த்திக் காட்டிவந்ததை 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. கோடிக்கணக்கில் செலவிடும் நிறுவனங்களே அந்த எண்களை நம்பிக்கொண்டிருந்தன. மாதம் இரண்டாயிரம் ரூபாய் செலவிடும் வளையல் கடை, திரையில் தெரியும் எண்ணைச் சரிபார்க்க எங்கே போகும்?

எண் சரியாகவே இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர், விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா? இதைச் சோதித்துப் பார்த்தது இணைய விற்பனைத் தளமான ஈபே. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈபே என்ற பெயரைப் போட்டுத் தேடுபவர்களுக்குக் காட்டிய கட்டண விளம்பரங்களை நிறுத்தியபோது வருகை ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவர்கள் எப்படியும் வரவிருந்தவர்கள். அடிக்கடி வாங்குபவர்களிடம் விளம்பரம் எதையும் மாற்றவில்லை. ஈபேயை அவ்வளவாக அறியாதவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. விளம்பரம் வீண் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். யாருக்குக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிட்லபாக்கத்துக் கடைக்குப் பொருத்திப் பார்த்தால், பத்து வருடமாக வரும் அடுத்த தெரு மாமிக்குக் காட்டும் கட்டண விளம்பரமும் வீண், திருநெல்வேலிக்காரருக்குக் காட்டுவதும் வீண். போன மாதம் செம்பாக்கத்தில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குக் காட்டுவதற்கு மட்டும் கொடுக்கிற காசு தகும்.

திடீர்ப் புகழ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு நம் ஜிஎஸ்டி சாலையிலேயே சமீபத்திய உதாரணம் இருக்கிறது. வண்டலூரைத் தாண்டி, கூடுவாஞ்சேரி பக்கத்தில் பெரிய வளாகம் வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் 'அரட்டை' என்ற செய்திப் பரிமாற்றச் செயலி 2025 செப்டம்பர் இறுதியில் நாடெங்கும் பேசப்பட்டது. மத்திய அமைச்சர்களே பரிந்துரைத்தார்கள். ஒரு நாளைக்கு 3,000 பேராக இருந்த புதிய பதிவு மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். பதிவிறக்கப் பட்டியலில் முதலிடம். நவம்பரில் பார்த்தால் முதல் நூறுக்குள்ளேயே செயலி இல்லை. காரணம் மர்மமல்ல. பதிவிறக்கியவர்களின் அண்ணனும் அத்தையும் அலுவலகக் குழுவும் வாட்ஸாப்பில்தான் இருந்தார்கள். தகவல்களுக்கான முழு மறையாக்கப் பாதுகாப்பும் அந்த அலை அடித்தபோது தயாராக இல்லை. ஜோஹோ இதைத் தாங்கும். 1996-இல் தொடங்கி விளம்பர வெளிச்சம் இல்லாமல் முப்பது ஆண்டுகளாக வாடிக்கையாளரைச் சேர்த்த நிறுவனம், ஒரு அலை வந்துபோனதற்காக ஆட்டம் காணாது. ஆனால் அவ்வளவு பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே கவனம் வேறு, பழக்கம் வேறு என்றால், நான்கு பேர் வேலை செய்யும் கடையில் வேறு மாதிரி நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வைரலானதால் பிழைத்தவர்கள் இல்லையா என்று உடனே கேட்பார்கள். டெல்லி மாளவியா நகரின் 'பாபா கா தாபா'வை நினைவூட்டுவார்கள். 2020 அக்டோபரில் அந்த முதிய தம்பதியின் காணொளி பரவியது, மறுநாளே கடைமுன் வரிசை நின்றது, நன்கொடை குவிந்தது. டிசம்பரில் அவர்கள் புதிய உணவகம் திறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய சாலையோரக் கடைக்கே திரும்பினார்கள். வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து மாதம் ஒரு லட்ச ரூபாய்க்குப் போன செலவில் பாதியைக்கூட விற்பனை எட்டவில்லை. செல்ஃபி எடுக்க வந்தவர்கள் ஒருமுறை வந்தார்கள். தினமும் மதியம் சாப்பிட ஆள் வேண்டியிருந்தது. நம் ஊரில் கோவை வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டி, ஒரு ரூபாய் இட்லியால் 2019-இல் உலகம் அறிந்தவரானார். எரிவாயு அடுப்பு வந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவின் ஏற்பாட்டில் 2022 அன்னையர் தினத்தன்று வீடும் வந்தது. நல்லது. ஆனால் அவரிடம் தினமும் இட்லி தின்றவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கூலிக்காரர்களே; ஊர் உலகம் பார்த்ததால் வந்தவை உதவிகள். வைரலாகிக் காணாமல்போன ஆயிரக்கணக்கான கடைகள் நம் நினைவில் இல்லாததால்தான் தப்பிப்பிழைத்த ஒன்றிரண்டு நமக்கு வழிகாட்டியாகத் தெரிகின்றன. இதில் யாரும் பேசாத இன்னொரு சங்கடமும் உண்டு. நாற்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்த மெஸ்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் வந்தால், காத்திருந்து கடுப்பான முந்நூற்று அறுபது பேரும் திங்கட்கிழமை கூகுளில் ஒரு நட்சத்திரம் வைத்துவிட்டுப் போவார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று சந்தையியல் ஆய்விலிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியப் பேராசிரியர் பைரன் ஷார்ப் 2010-இல் எழுதிய நூலில், பிராண்டுகள் வளர்வது விசுவாசமான வாடிக்கையாளர்களால் அல்ல, எப்போதாவது வாங்கும் ஏராளமானவர்களால் என்று விற்பனைத் தரவுகளோடு நிறுவினார். ஆகவே பழைய வாடிக்கையாளரையே சுற்றிச்சுற்றி வராமல் முடிந்தவரை பரவலாகப் போய்ச் சேருங்கள் என்பது அவர் அறிவுரை. அவர் சொல்வது சரி என்றே படுகிறது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் சோப்பு, பற்பசை, குளிர்பானம் போல எல்லா ஊர் அலமாரிகளிலும் கிடைக்கும் சரக்குகள். அவற்றுக்கு, விளம்பரத்தைப் பார்த்தவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கிவிட முடியும். சிட்லபாக்கத்தில் மட்டும் கிடைக்கும் ஒன்றுக்கு, எப்போதாவது வாங்கக்கூடிய ஏராளமானவர்களும் சிட்லபாக்கத்தைச் சுற்றித்தான் வசிக்க முடியும். ஷார்ப்பின் விதியை இங்கே கொண்டுவந்தால், வட்டத்துக்குள் ஒருவரையும் விட்டுவிடாதே என்றாகும். வட்டத்தைப் பெரிதாக்கு என்று ஆகாது. வாடிக்கையாளரின் வாட்ஸாப்பையே நம்பி உட்கார்ந்துவிட்ட கடைகளுக்கு இது நல்ல எச்சரிக்கையும்கூட. புறநகரில் வாடகைக்கு வருபவர்களும் காலி செய்பவர்களும் அதிகம். பழைய முகங்கள் மட்டும் போதாது.

அந்தப் புது முகங்கள் கடையை எங்கே தேடுகிறார்கள்? பெரும்பாலும் ரீல்ஸில் அல்ல. குழாய் உடைந்தால், குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் என்றால், நாளை காலை ஐம்பது பேருக்குப் பொங்கல் வேண்டும் என்றால், கை போகும் இடம் கூகுள் மேப்ஸ். பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்துவதற்குக் கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தொலைவு, எவ்வளவு அறியப்பட்ட கடை என்பது. தொலைவு என்ற அளவுகோலில் மூலைக்கடை பல மாடிக் கடையைக் காசில்லாமலே முந்தலாம். இருந்தும் எத்தனை கடைகளின் பதிவில் பழைய தொலைபேசி எண், தவறான நேரம், முகப்புத் தெரியாத படம்! வரதராஜா தியேட்டருக்கு எந்தப் பக்கம், சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து எந்த வழி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்ற நான்கு வரி விவரம், ஆறு மாதத்து ரீல்களைவிட அதிகம் பேரைக் கடைவாசலுக்குக் கொண்டுவரும். குரோம்பேட்டையையும் சேலையூரையும் ஆளாளுக்கு ஒருவிதமாக ஆங்கிலத்தில் எழுதித் தேடுகிறார்கள். அந்த வடிவங்களும் தமிழ்ப் பெயரும் விவரத்தில் எங்காவது இருப்பது நல்லது. வாடிக்கையாளர் மதிப்புரையின் பலம் பற்றி உறுதியான ஆய்வும் இருக்கிறது. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களை வைத்து ஆராய்ந்தபோது, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதைக் கண்டார். அந்தப் பலன் தனிக்கடைகளுக்கு மட்டுமே கிடைத்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் உணவகங்களுக்கு நட்சத்திரம் எதையும் மாற்றவில்லை. பெயர் ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சாட்சி தேவையில்லை, தெரியாதவருக்குத்தான் தேவை. சிறு கடை தன் உழைப்பை எங்கே போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. மதிப்புரைகளைக் காசுக்கு வாங்கும் குறுக்கு வழியும் திறந்தே இருக்கிறது. அதைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கட்டாயமில்லை என்பதால் பல் இல்லாத தரநிலை. ஆனாலும் ஒரே நாளில் வந்து குவிந்த, ஒரே நடையில் எழுதிய முப்பது புகழுரைகளை அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுவிடுவார்கள். சிறிய ஊரின் வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

அடுத்தது வாட்ஸாப். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸாப் பிசினஸ் செயலியில் விலைப் பட்டியல், கடை நேரம், அடிக்கடி கேட்கும் கேள்விக்குத் தயார் பதில் எல்லாம் இலவசமாக உண்டு. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் கடையின் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் சமூக ஊடகங்களில் இருப்பதிலேயே நேர்மையான அளவுகோல் இதுதான். ஒருவர் உங்கள் எண்ணைச் சேமிக்கிறார் என்றால் மறுபடி அழைக்கும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இருநூறு பேர், இன்ஸ்டாகிராமின் இருபதாயிரம் பேருக்கு மேல். அவர்களுக்கு வாரம் ஒருமுறை, சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும் அனுப்ப வேண்டும். தினம் 'இனிய காலை வணக்கம்' அனுப்பும் கடையை மியூட் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். குடியிருப்போர் நலச் சங்கக் குழுவில் நுழைந்து, தண்ணீர் லாரி வருமா வராதா என்று விவாதம் நடக்கும்போது பட்டுச் சேலைப் படம் போடுவதும் அதே வகைதான். அட்மின் தூக்கி வெளியே போடுவார், பெயரும் கெடும். ரசீதுக்காக வாங்கிய எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்குச் சம்மதம் கேட்பது மரியாதை மட்டுமல்ல, 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகும் திசையும் அதுவே. எல்லாவற்றையும்விட முக்கியம், வந்த கேள்விக்குப் பதில் சொல்வது. ரீல் எடுக்க ஒரு மணி நேரம் செலவிடும் கடையில், "நாளைக்கு ரெண்டு கிலோ கிடைக்குமா?" என்ற செய்தி சாயங்காலம் வரை பார்க்கப்படாமல் கிடக்கிறது என்றால், அங்கே இல்லாதது விளம்பரமல்ல.

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலையோ கேக்கோ, படத்தின் கீழே யாராவது விலை கேட்டால் "டிஎம்ல வாங்க" என்று பதில் சொல்லும் வழக்கம் எங்கிருந்தோ பரவிவிட்டது. கேட்பவர் உள்ளே வந்தால் பேசி மடக்கிவிடலாம், கருத்துகள் கூடினால் அல்காரிதம் மேலே தள்ளும், போட்டிக் கடைக்கு நம் விலை தெரியாது என்று காரணம் சொல்கிறார்கள். மூன்றும் கடைக்காரரின் வசதி. வாங்குபவருக்கு ஒன்றும் இல்லை. கேட்கத் தயங்கும் பத்துப் பேர் பேசாமல் போய்விடுவதை யாரும் எண்ணுவதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிர்ப் பாதையில் போய்ப் பெரிதானவர் லலிதா ஜுவல்லரி கிரண்குமார். தொலைக்காட்சியில் அவரே வந்து, நகையின் விலைச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவரது மொட்டைத் தலையையும் பேச்சையும் வைத்து எத்தனையோ மீம்கள் வந்தன. கேலி செய்தவர்களும் அந்தச் செய்தியைத்தான் சுமந்துபோனார்கள். அவர் கடை விலை உண்மையிலேயே குறைவா என்பது தனி ஆராய்ச்சி. ஒப்பிடத் துணிகிறவர் என்ற எண்ணம் பதிந்தது. பிளவுஸ் தைக்கக் கூலி இவ்வளவு, லைனிங் என்றால் இவ்வளவு, ஆரி வேலைக்கு இதிலிருந்து தொடங்கும், ஐந்து நாளில் கிடைக்கும் என்று ஒரு படத்தில் எழுதிப் பக்கத்தின் மேலே நிறுத்தி வைத்தால் அதுவே சேலையூர், சிட்லபாக்கம் வட்டாரத்துக்குப் போதுமான 'கன்டென்ட் ஸ்ட்ராட்டஜி'.

பக்கத்தில் இருப்பவருக்குப் பேச விஷயம் ஏது, மாதத்தில் இரண்டு பதிவுக்கு மேல் என்ன போடுவது என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சிட்லபாக்கமே ஒருமுறை சொல்லியிருக்கிறது. 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்கு அலைந்தபோது, 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்பாளர் அமைப்பின் அழைப்பில் ஏரியைச் சுத்தம் செய்ய வார இறுதிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். அரசும் 25 கோடி ரூபாய்ச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. அவர்களிடம் விளம்பர நிதி இல்லை. அவர்கள் பேசியது, படிப்பவர் தினமும் கடந்துபோகும் ஓர் ஏரியைப் பற்றி. இடம், நேரம், வேலை மூன்றும் தெளிவாக இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எங்கே படகு, எங்கே சாப்பாடு என்ற தகவல் கைமாறியதும் இதே தளங்களில்தான். கடைக்கும் இந்த வட்டாரத்துக்கே உரிய விஷயங்கள் ஏராளம். ஐப்பசி பிறக்குமுன் இன்வெர்ட்டர் பேட்டரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று மின்சாதனக் கடைக்காரர் ஒரு நிமிடம் பேசலாம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிய தெருக்களுக்கு எந்த வகை வடிகட்டி தாங்கும் என்று குழாய்க் கடைக்காரருக்குத் தெரியும். ஜூன் முதல் வாரத்தில் எந்தப் பள்ளிக்கு எந்த அளவு நோட்டு என்று ஸ்டேஷனரிக் கடை சொல்லலாம். மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளில் "கடை திறந்திருக்கிறது, பாலும் மெழுகுவர்த்தியும் இருக்கின்றன, இந்த வழியாக வரலாம்" என்ற ஒரு ஸ்டேட்டஸ் வருடம் முழுக்க நினைவிருக்கும். மும்பையில் இருந்துகொண்டு கன்டென்ட் நாள்காட்டி தயாரிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. சர்வதேச டோனட் தினம்தான் தெரியும்.

இந்த வாதம் எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தாது. பருப்புப் பொடி, ஊறுகாய், கைத்தறிச் சேலை, கொலு பொம்மை, கல் நகை எனக் கூரியர் பையில் அடங்குவதை விற்பவருக்குத் தண்டவாளம் ஒரு தடையே அல்ல. மாடம்பாக்கத்து வீட்டு மாடியிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர் இன்ஸ்டாகிராமில் தொலைவில் இருப்பவரைத் தேடித்தான் ஆக வேண்டும். அவருக்கு ரீல்ஸே கடைவாசல். அங்கேயும் காசு கொடுத்துவிட்டுப் பொருள் வருமா என்று பயப்படும் முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு, நடனத்தைவிடப் பொருளைப் பொதிந்து அனுப்பும் காட்சியும், திருப்பி வாங்கும் விதியும், உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண்ணும்தான் பேசும். ஆனால் முடிதிருத்தும் நிலையம், டியூஷன் சென்டர், பிசியோதெரபி, மெஸ், டிபன் கடை, டூவீலர் மெக்கானிக் என இந்தத் தெருக்களில் இருக்கும் பெரும்பாலான தொழில்கள் பையில் அடங்காதவை. அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

உணவு வ்ளாகரை அழைத்து வந்து சாப்பிட வைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. சென்னை முழுக்க ரசிகர்கள் உள்ள ஒருவர் வந்து "வேற லெவல்" என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டு வாரம் கூட்டம் வரும் என்பதை மறுப்பதற்கில்லை. அதற்குப் பின் என்ன நடக்கும் என்பதை மாளவியா நகரில் பார்த்தோம். சட்டமும் இப்போது சும்மா இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டு நெறிகளும், நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 ஜனவரி விளக்கங்களும், காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்ச ரூபாய் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் உண்டு. தெருவோர பிரியாணிக் கடை வரை இந்தச் சட்டம் இறங்கி வருமா என்று சிரிக்கலாம். ஆனால் விளம்பரம் என்று சொன்னபின்னும் எவருடைய பேச்சு எடுபடுகிறதோ அவரை அழைப்பதுதான் எப்படியும் புத்திசாலித்தனம். சிட்லபாக்கத்தில் அப்படிப்பட்டவர், எட்டு லட்சம் ஃபாலோயர் உள்ளவராக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று அடுக்ககங்களுக்கு விசேஷச் சமையல் ஆளைச் சிபாரிசு செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருக்கலாம்.

தளங்களின் ஆயுளும் நம் கையில் இல்லை. 2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக்கைத் தடைசெய்தபோது சுமார் 20 கோடிப் பயனாளர்கள் இருந்தார்கள். அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஃபாலோயர்கள் ஒரே இரவில் போனார்கள். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிவாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மறுநாள் காலை ஆர்டர் முழுவதையும் வாட்ஸாப்பில் வைத்திருந்த சமையல்காரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யூகிக்கலாம். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டிலும் இருப்பது பழைய பஞ்சாங்கமல்ல. அதே நோட்டில் இன்னொரு பத்தியும் போடலாம். புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு, மேப்ஸ், வாட்ஸாப், ரீல்ஸ், யாரோ சொன்னார்கள், போகும்போது பலகை பார்த்தேன் என்று ஐந்து கட்டங்களில் கோடு போட்டுவர வேண்டும். கேட்க ஐந்து விநாடி ஆகாது; எந்த டாஷ்போர்டும் இந்தத் தகவலைத் தராது. மூன்று மாதம் கழித்து ரீல்ஸ் கட்டம் காலியாக இருந்தால் ஏஜென்சிக்குக் கொடுக்கும் மாதக் கட்டணத்தை நிறுத்திவிடலாம். நிரம்பி வழிந்தால், மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.